ஞானத்தாயா நிக்க மாட்டேன்

வேங்கிக்காலில் பஸ் ஏறிய அக்காவும் தங்கச்சியும் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். அக்கா மடியில் அவளுடைய கைக்குழந்தை. தங்கச்சி சொன்னதைக் கேட்டு நான் போனைக் கீழே வைத்தேன்.

“ஞானஸ்நானத்துக்கு புள்ளைய ஏந்துற ஞானத்தாயா என்னய நிறுத்தாதக்கா. புள்ளைய தண்ணித் தொட்டியில போட்டுடுவேன்.”

“போடணும்னு ஆசையாடி உனக்கு?”

“ஐயோ மாதாவே! இல்லவே இல்லக்கா. ஆனா அந்த நெனப்பு விடமாட்டேங்குது. பூசையில நற்கருணை வாங்கும்போதும் அசிங்க அசிங்கமா வருது.”

“ஃபாதர்கிட்ட சொன்னியே?”

“நாலு வாட்டி. இது பாவமில்லம்மா, டாக்டர் சொன்ன மாதிரி வேண்டாத நெனப்பு திரும்பத் திரும்ப வர்ற வியாதிதான், இனிமே பாவசங்கீர்த்தனத்துல இத சொல்லாதன்னாரு. அதான் வேலூர் போய் வேற ஃபாதர்கிட்ட சொன்னேன்.”

“அடிப்பாவி! இதுக்குனு பஸ் புடிச்சியா? அவரு என்ன சொன்னாரு?”

“அதேதான். நான்தான் சரியா சொல்லலையோன்னு பயமாயிருக்குக்கா.”

அக்கா குழந்தையைத் தூக்கித் தங்கச்சி மடியில் வைத்தாள்.

“வேணாங்கா, எடுத்துக்கோ. ஜன்னல் தொறந்திருக்கு.”

“தொறந்தே இருக்கட்டும்.”

பஸ் ஸ்டாண்டில் நான் இறங்கும்போது குழந்தை தூங்கிவிட்டிருந்தது. தங்கச்சி அதன் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.