கோடைச் சிலிண்டர்

தேநீர் நன்றாக இருக்கிறது ஐயா. டம்ளரின் விளிம்பை ஒருமுறை துடைத்துக்கொண்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்ன வயதிலிருந்தே எனக்கு இந்தக் குணம். அடுத்தவர் வாய் வைத்த பாத்திரத்தைத் துடைக்காமல் தொட மாட்டேன்.

என் மனைவி சொன்னதை நீங்கள் வாக்குமூலமாக எழுதிக்கொண்டீர்கள். தங்கை வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், தன் அப்பாவின் அறை ஹீட்டருக்கான சிலிண்டரைத் தானே மூடிவிட்டதாகவும், அதனால்தான் அவர் குளிரில் விறைத்துப்போனார் என்றும் சொல்லியிருக்கிறாள். வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. வெளியே கிளம்பும்போது சமையல் சிலிண்டரை மூடுவது அவள் வழக்கம். அன்றைக்கு எதை மூடினோம் என்று அவளுக்கு நினைவில்லை. அழுது அழுது, அதைத்தான் மூடினோம் என்று நம்பிவிட்டாள். மூடியது நான். அதுவும் மறுநாள் காலையில், அவர் செத்த பிறகு. ஆளில்லாத அறைக்கு எரிவாயு எதற்கு என்று கை தானாகத் திருகிவிட்டது. தொழில் பழக்கம்.

மாமனார் நல்ல மனிதர், அதை மறைக்க மாட்டேன். நுரையீரல் கெட்டுப்போய், எழுந்து நடக்கத் தெம்பில்லாமல் எங்களிடம் வந்தார். வாய் நிறைய மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். அந்த வாயைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. நாள் முழுக்கக் காறிக்கொண்டே இருப்பார். கட்டிலடியில் ஒரு தகர டப்பா. துப்பியது நூலாகத் தாடையில் தொங்கும். புறங்கையால் வழித்துப் போர்வையில் தேய்ப்பார். அதே கையால் என் தோளைத் தட்டி, "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" என்பார். சட்டையைக் கழற்றிப் போட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

அந்த டப்பாவைக் கழுவிய கையால்தான் அவள் எனக்குச் சோறு போடுவாள்.

"சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் வர்றேன். எதுக்கு இப்படி மூஞ்சியைச் சுளிக்கிறீங்க?"

"ஏதாவது ஒரு முதியோர் இல்லத்துல சேர்த்துடலாமே."

"பெத்த அப்பனை எங்கங்க கொண்டுபோய்த் தள்ளச் சொல்றீங்க?"

அவளை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அவள் படும் பாட்டைப் பார்த்து மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

என் வேலை எரிவாயு நிரப்பும் கூடத்தில். சிலிண்டருக்குள் அடியில் திரவம், மேலே அதன் ஆவி. நாம் எரிப்பது ஆவியை. அது குறையக் குறைய, திரவம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி இடத்தை நிரப்பும். சிலிண்டர் முக்கால்வாசி நிறைந்திருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அழுத்தம் ஒன்றுதான்; வெளியே எவ்வளவு சூடு, எவ்வளவு குளிர் என்பதுதான் கணக்கு. இங்கே பனி உறையும் காலத்தில் ஒருவகை நிரப்புவோம், கோடையில் இன்னொரு வகை. கோடை வகை உறைபனியில் ஆவியாகாது. திரவமாகவே சுருண்டு படுத்துவிடும். தூக்கிப் பார்த்தால் கனக்கும். திறந்தால் ஒன்றும் வராது. கோடையில் மிஞ்சிய சில சிலிண்டர்கள் கூடத்தின் மூலையில் கிடந்தன.

அதில் ஒன்றைக் கொண்டுவந்து, மதிய வெயிலில், அவர் அறையின் பின்சுவரோரம் மாட்டினேன். வெயில் சிலிண்டர்மேல் நன்றாக விழுந்தது. உள்ளே ஹீட்டர் நீலமாக, அழகாக எரிந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"உங்க புண்ணியத்துல இன்னைக்கு ராஜா மாதிரி தூங்குவேன் மாப்பிள்ளை."

சொல்லும்போதே ஒரு துளி தெறித்து என் மணிக்கட்டில் விழுந்தது.

பிள்ளை பெற்ற தங்கையைப் பார்க்க மனைவி சாயங்காலம் கிளம்பினாள். அப்போதும் ஹீட்டர் எரிந்துகொண்டுதான் இருந்தது. பொழுது சாய்ந்ததும் பனி இறங்கியது. ஆவியாகும் திரவம் தன் சூட்டையே தின்றுதான் ஆவியாகும்; அதனால் சிலிண்டர் வெளிக்காற்றைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். சுடர் சிறுத்து, அணைந்திருக்கும். நான் முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் தகர டப்பாவைக் கட்டில் சட்டத்தில் தட்டினார். கூப்பிடக் குரல் எழும்பாதபோது அப்படித்தான் தட்டுவார். அந்த டப்பா தரையில் கவிழ்ந்தால் யார் துடைப்பது என்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது. பிறகு தட்டுவது நின்றது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து வெகுநாளாயிற்று. நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் உங்கள் ஆட்கள் வந்தபோது உச்சி வெயில். சிலிண்டர் கனமாக இருந்தது. திறந்தார்கள், வெயில் சூட்டில் நன்றாக எரிந்தது. யாரோ மூடியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டி அவளைக் கூட்டிவந்தீர்கள். உங்கள்மேல் தப்பில்லை.

நான் சும்மாதான் இருந்திருப்பேன். நேற்று அவளைப் பார்க்க வந்தேன். கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று, "நானே எங்கப்பாவைக் கொன்னுட்டேங்க" என்று அழுதாள். சளியை உறிஞ்சினாள், தொண்டையைக் காறினாள், புறங்கையால் வாயை வழித்துக்கொண்டாள். அப்படியே அப்பனின் சத்தம். அந்தக் கையைக் கம்பி வழியாக என்னிடம் நீட்டினாள். நான் ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டேன்.

இன்று அவளை ஜாமீனில் விடுவார்கள் என்று வக்கீல் சொன்னார். காலையில் இன்னொரு கோடைச் சிலிண்டரைக் கொண்டுவந்து அவள் படுக்கும் அறைக்கு மாட்டினேன். செத்துவிட மாட்டாள்தான், திடமான உடம்பு, குளிர்ந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். அது தெரிந்தும்தான் மாட்டினேன். மாட்டி முடித்தபின் என்னவோ சரியில்லை என்று பட்டது, நேராக இங்கே வந்தேன்.

அவரைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அவளை விட்டுவிடுங்கள். அவள் போவதற்குள் யாரையாவது அனுப்பி அந்தச் சிலிண்டரை மாற்றச் சொல்லுங்கள். எல்லாம் அவளுக்காகச் செய்ததுதான் ஐயா, அவள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. கையைக் கழுவிவிட்டு நீட்டியிருக்கலாம், அவ்வளவுதான்.