ரெமேய் எழுதிக் கொடுத்த கடலோர வழி

"ஹலோ... ஹலோ, ஃபெரானா?... ஏண்டா, காலையில இருந்து அடிக்கிறேன், போனை எங்கடா போட்டுத் தொலைச்ச?... மலைக்குள்ள சிக்னல் எடுக்கலையா... சரி, சரி... இப்ப எங்க இருக்க?... அழகாத்தான் இருக்கும், நான்தானே எழுதிக் கொடுத்தேன். எந்த இடம்னு மட்டும் சொல்லு."

ரெமேயின் கையில் முயல் வெட்டும் கத்தி இருந்தது. பலகைமேல் பாதி உரித்த முயல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சின்னவளுக்கு ஞானஸ்நானம். அதற்குத்தான் அவள் தம்பி ஸ்பெயினின் பிரியொராத் மலையிலிருந்து, ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி லாயாவோடு, பிரான்சின் கொர்பியேர் மலையில் வாழ்க்கைப்பட்ட அக்காளின் வீட்டுக்கு வேனில் வந்துகொண்டிருந்தான். வேனுக்குள் இரண்டு பீப்பாய் ஒயின். தாய்மாமன் தன் மலையின் ஒயினைக் கொண்டுவந்து ஊற்றினால்தான் விருந்து தொடங்கும்.

"எல்லை தாண்டிட்டீங்களா?... கடல் முனைக்கு வந்தாச்சா? அதுக்குள்ளயா?... துணி விரிச்சு உக்காந்துட்டாளா... ஃபெரான், நான் சொல்றத கேளு. அவள எழுப்பி வேன்ல ஏத்து. வந்த வழியே திரும்பிப் போ... விளையாடலடா... ஆமா, முனையில சாப்பாடுன்னு நான்தான் எழுதினேன். பன்னண்டு மணின்னு நேரமும் போட்டேன். இங்க நான் வச்சிருந்த தாளக் காணோம்."

ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் மட்டும் ஒட்டியிருந்தது. லாயாவுக்காக மூன்று இரவு யோசித்து எழுதிய வழி அது. எல்லைக் கணவாயில் நின்றால் இரண்டு பக்கமும் கடல். முனையில் மதியச் சாப்பாடு. அடுத்த ஊரில் தம்பிக்கு மட்டும் இனிப்பு ஒயின் ஒரு வாய். கர்ப்பிணியின் உடம்பு குலுங்காத பாதையாகப் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தாள். ஒரு படி தன்னிடம் இருக்கட்டும் என்று காந்தத்தின் கீழ் செருகி வைத்ததுதான் அவள் செய்த தப்பு.

"யாரு எடுத்தாங்களா? உன் மச்சான் எடுத்திருக்காரு. கோடாலியும் இல்ல... சிரிக்காத. போன வியாழக்கிழமை சுங்கச்சாவடியில எங்க ஊரு திராட்சைக்காரங்க டேங்கர் லாரிய மறிச்சாங்களே, டிவியில பாத்தேல்ல?... ஆமா, உங்க நாட்டு ஒயின்தான். ரோட்டுல கணுக்கால் அளவுக்கு ஓடுச்சு. டிரைவருக்குத் தாடை ரெண்டா போச்சு... முகமூடி போட்டா எனக்குத் தெரியாதா? அவரு சட்டைய நான்தானே துவைச்சேன். ஒயின் கறைன்னு நினைச்சுத் தண்ணியில போட்டேன். ஒயின் அப்படி உறையாதுடா... சொல்லல. ஆமா, யாருகிட்டயும் சொல்லல. இப்ப அதுக்குத் திட்டாத. லாயா ஏறிட்டாளா? வண்டிய எடு."

அவள் கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்தினாள்.

"நம்மள ஏன் தொடப்போறாரா? முந்தாநாள் கூட்டத்துல அவரக் கேட்டிருக்காங்க, எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. ஊரான் லாரிய உடைக்கிற, உன் மச்சினன் பீப்பாய மட்டும் வாசல்ல நின்னு வரவேத்து இறக்குவியான்னு. உங்க நாட்டு மலிவு ஒயின் வந்து ரெண்டு வருசமா எங்க திராட்சைய வாங்க ஆளில்ல, ஒவ்வொருத்தனும் வெறிபிடிச்சுத் திரியிறான். அவரு வீட்டுக்கு வந்து சிரிச்சுக்கிட்டே கேட்டாரு, தம்பி எந்த வழியா வர்றான், எத்தனை மணிக்குன்னு. நான் பெருமையா வாசிச்சுக் காட்டினேன்... நெடுஞ்சாலை பூரா இன்னிக்குப் போலீஸு. மறிக்க அவங்களுக்கு இந்தக் கடலோர ரோட்ட விட்டா வேற ஏதுடா?"

"...என்ன டிராக்டரு?... எத்தனை?... ரோட்டுக்குக் குறுக்கயா? பின்னாடி திரும்பு, பின்னாடி... பின்னாடியும் நிக்குதா."

அவள் குழந்தை தூங்கும் அறையின் கதவைச் சாத்தினாள்.

"சரி. சரி, கேளு. லாயாவ சீட்டுக்குக் கீழ குனியச் சொல்லு. கதவப் பூட்டு. கேட்டா பீப்பாயக் குடுத்துரு... போகட்டும்டா, ஒயின்தானே... என்ன கையில எடுக்குற? ஜாக்கி கம்பியா? ஃபெரான், இறங்காத. உன் வீம்ப ஊருக்குப் போய்க் காட்டிக்க. உன் பொண்டாட்டி வயித்தப் பாரு... ஃபெரான்... டேய்..."

கண்ணாடி நொறுங்கும் சத்தம் போனுக்குள் வந்தது. பிறகு மரம் பிளக்கும் சத்தம். வேறொரு சத்தமும் கேட்டது. சற்று முன் முயலின் தொடை எலும்பைப் பிரித்தபோது அதே சத்தத்தைத்தான் அவள் கேட்டிருந்தாள்.

"லாயா... லாயா, போனை எடு கண்ணு... ஆமா, நான்தான்... எத்தனை பேரு?... ஆறு... அவன் விழுந்துட்டானா? அடிச்சது யாரு?... அவன்தான் முதல்ல அடிச்சானா. சரி, அழாத... இன்னும் மிதிக்கிறாங்களா?... தலையிலயா?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"லாயா, என்னைக் கேளு. அதுல ஒருத்தரு நொண்டி நொண்டி நடக்கிறாரா? இடது கால்... கோடாலி வச்சிருக்காரா?... பீப்பாயப் பிளக்கிறாரா. முகத்த மூடியிருக்காரு, சரி... உங்களுக்குப் பின்னாடி வேற கார் நிக்குதா?... போனை நீட்டிப் படம் எடுக்கிறாங்களா? நல்லது. அதுதான் வேணும்."

சாலை மறிக்கும் ஆட்களுக்கு ஒரே ஒரு விதி உண்டு. அங்கே யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஒரு பேர் வெளியே வந்தால் மற்ற ஐந்து பேரையும் போலீஸ் தேடிப் பிடித்துவிடும். பேர் விழுந்த இடத்தில் ஒருவனும் நிற்கமாட்டான். ரெமேய் பன்னிரண்டு வருடம் தன் கணவன் தியெரியோடு ஒரே மேசையில் சாப்பிட்டவள். அடுத்த அறைத் தொட்டிலில் அவன் குழந்தை தூங்கியது.

"ஜன்னல்ல தலைய நீட்டிக் கத்து. தியெரி கபானெல்... முழுப் பேரும் கத்து. தியெரி கபானெல், உன்னை எனக்குத் தெரியும்னு கத்து... என்னைப் பத்தி யோசிக்காத. என் குடும்பத்த நான் பாத்துக்கிறேன்... பயமா இருந்தா கண்ண மூடிக்கிட்டுக் கத்து. கத்துடி."

லாயா கத்தினாள். மூன்று முறை கத்தினாள். நாலாவது முறை குரல் உடைந்தது.

"...என்ன ஆச்சு?... ஓடுறாங்களா? எல்லாருமா?... சரி. இறங்கி அவன்கிட்ட போ. மூச்சு வருதா?... மூக்குக்கிட்ட கை வச்சுப் பாரு... வருதா? வருது, சரி. அசைக்காத. கார்க்காரங்கள ஆம்புலன்ஸக் கூப்பிடச் சொல்லு. அந்தப் படத்த யாரும் அழிச்சிராம பாத்துக்க... கண்ணத் திறந்தானா? என்ன சொல்றான்?... பீப்பாயா? பீப்பாய் நாசமாப் போகட்டும்னு சொல்லு அவன்கிட்ட... ஹலோ... லாயா..."

தொடர்பு அறுந்தது. அவள் போனை இறக்குவதற்குள் மறுபடி அடித்தது. திரையில் கணவனின் பேர்.

ரெமேய் அதை இரண்டு முறை அடிக்க விட்டாள். பிறகு எடுத்தாள்.

"ஹலோ... சொல்லுங்க... ஏன் இப்படி மூச்சு வாங்குது?... ஐயோ, பேரச் சொல்லிட்டாங்களா? யாரு, லாயாவா?... நடையப் பாத்துக் கண்டுபிடிச்சிருப்பா... எனக்கு எப்படித் தெரியும், நான் முயல் உரிச்சுக்கிட்டு இருக்கேன்... தம்பி எப்படி இருக்கான்?... தெரியலையா. சரி... இல்ல, அழல. புகை."

அடுப்பு இன்னும் பற்றவைக்கப்படவில்லை.

"வாங்க, வந்து துணி மாத்திக்கிட்டு எங்க போகணுமோ போங்க... வெந்நி வைக்கிறேன்... சட்டைய நான் பாத்துக்கிறேன். எந்த வழியா வர்றீங்க?... சும்மாதான், நேரம் தெரிஞ்சா வெந்நி சரியா இருக்கும்ல... பழைய காவல் கோபுரத்து மலை வழியா... ம்... திராட்சைத் தோட்டத்துக்குள்ள பூந்து நடந்தா? காரு மலைக்கு அந்தப் பக்கம் நிக்குதா?... ம், ம்... கோபுரத்துக்கிட்ட கொஞ்சம் நின்னு மூச்சு வாங்கிட்டு வாங்க, கால் வலிக்கும். அங்கிருந்து பாத்தா கடல் முழுசாத் தெரியும்... கோபுரத்துக்கு ஒரு மணிக்கா? ஒன்னேகாலா?... சரி. ஒன்னேகால்... ஆமா, சின்னவ தூங்குறா... வைக்கிறேன்."

அவள் ரத்தக் கையோடு பென்சிலை எடுத்தாள். வழியையும் இடத்தையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதினாள். எழுத்து கோணாமல் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு போனைக் காதில் வைத்தாள்.

"ஹலோ... போலீஸா?... ஒரு வழி சொல்றேன். எழுதிக்கோங்க."