சிவந்த சில்வண்டு

சூச்சோ நகரக் கடைத்தெருவில் பழைய ஜேடுக் கல் என்று விற்பதில் பாதி, போன வருஷம் செதுக்கியதுதான் ஐயா. நானும் அப்படித்தான் விற்றேன். அதற்காக என்னை யாரும் பிடித்துக்கொண்டு வந்ததில்லை.

செத்தவர் நாக்கின்மேல் ஜேடில் செதுக்கிய சில்வண்டை வைப்பது அந்தக் காலத்து வழக்கம். காலங்காலமாக உடம்போடு கிடந்து கல்லில் ரத்தச் சிவப்பு ஏறிவிடும் என்பார்கள். அந்தச் சிவப்புக்குத்தான் மதிப்பு. நாங்கள் உயிருள்ள ஆட்டின் தொடையைக் கீறி, புதுக்கல்லை உள்ளே வைத்துத் தைத்துவிடுவோம். ஆனால் கல் சேகரிக்கும் லூ பெரியவர், என் கல்லை மூக்கருகே கொண்டுபோய்ச் சிரித்தார்.

"கறிக்கடை வைக்கலாமே தம்பி, உனக்கெதுக்கு ஜேடு?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது என் மனைவி யுன்னியாங் இருமி இருமி ரத்தம் துப்பிக்கொண்டிருந்தாள். ஜேடு காய்ச்சலைத் தணிக்கும் என்று சொல்லி, ஒரு புது வெள்ளைக்கல் சில்வண்டை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னேன்.

"இது பொணத்துக்கு வைக்கிறதாச்சே. என்னங்க, இப்பவே ஒத்திகை பாக்குறீங்களா?"

கேலி செய்துகொண்டே வாயைத் திறந்தாள். என் பேச்சை அவள் தட்டியதே இல்லை.

கல்லில் சிவப்பு ஏறத் தொடங்கியது. வைத்தியர் கொடுத்த கஷாயம் குடித்தால் ரத்தம் நின்றுவிடும். அதனால் கஷாயத்தைக் கொல்லையில் ஊற்றினேன். அப்படியும் அவள் தேறிவந்தாள். எழுந்து உட்கார்ந்து முட்டைக்கோஸ் நறுக்கினாள், பாட்டுக்கூட முணுமுணுத்தாள். சில்வண்டின் ஓர் இறக்கை இன்னும் வெள்ளையாகவே இருந்தது. என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

தலையணையை நான் முரட்டுத்தனமாக அழுத்தவில்லை. அவள் அடங்கும்வரை பிடித்திருந்தேன், அவ்வளவுதான். சில்வண்டு வாயிலேயே இருக்க, முறைப்படி புதைத்தேன்.

மறுவருஷம் தோண்டி எடுத்தபோது இரண்டு இறக்கையும் சிவந்திருந்தன. லூ பெரியவர் எழுந்து நின்று இரு கையாலும் வாங்கிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

கல்லறைகளைப் பெருக்கிப் படையல் வைக்கும் நாளில் அவள் அண்ணன் வந்தார். மண் புதிதாகக் கிளறிக் கிடப்பதைப் பார்த்துவிட்டார்.

"நரி தோண்டுச்சா, இல்ல மாப்பிள்ளை தோண்டுனீங்களா?"

நான் ஈவிரக்கமில்லாதவன் என்று அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். அது அநியாயம் ஐயா. செத்தவர் வாய் வெறுமையாக இருக்கக் கூடாதென்று எனக்குத் தெரியாதா? கல்லை எடுத்ததும், நல்ல அரிசியாகப் பார்த்து ஒரு பிடி வைத்துவிட்டுத்தான் மூடினேன். அவளுக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை.