கரடிக்கு ஒரு குளோசப்

இல்ல கரடி சார், போ போன்னு கைய ஆட்னா போய்டுவனா? கை, கால், முதுகு எல்லாம் எடுத்தாச்சு, மூஞ்சிதான் பாக்கி. ஒரு நிமிஷம் அந்தக் கரடித் தலையக் கழட்டுங்க. பாண்டி பஜார்ல துணிக்கடை வாசல்ல ஆடற ஆள எவன் பாக்கப்போறான்?

நான் எட்டாவதோட நின்னவ சார். போன்ல ஒரு வாத்தியாரு சினிமா எடுக்கக் கத்துத் தராரு. தமிழ்லயாம்! ஃப்ரேமுன்றாரு, ஃபோகஸுன்றாரு, எக்ஸ்போஷர்ன்றாரு... நிறுத்தி நிறுத்திப் பாக்கறதுக்குள்ள நெட்டு தீந்துபோவுது. ஊட்ல எடுத்தா குக்கர் கத்துது. பீச்சுல எடுத்தா காத்துதான் பேசுது. மீன் விக்கற வசந்தி அக்காவ எடுக்கப் போனேன், கூடைய அப்டியே போட்டுட்டு ஓடிப்போய் பவுடர் பூசிக்கினு வந்து செல மாரி நிக்குது. வேல செய்யற ஆளத்தான் எடுக்கணுமாம், போஸ் குடுக்கற ஆள இல்ல. எனக்கு எதிர்ல ஒரு மூஞ்சி நின்னாலே வெக்கத்துல போன கீழ எறக்கிடுவேன். அதான் போன வாரம் உங்களப் புடிச்சேன். மூஞ்சியே இல்ல பாருங்க.

இன்னா, மொதலாளியா? திட்னா திட்டட்டும்.

பாப்பா, சார் கால வுடு. ஆஷா! பாருங்க, மத்த பொம்மையக் கண்டா அலறுவா, உங்க கால மட்டும் கட்டிக்கினு நிக்கறா.

எடுத்தத அனுப்பிச்சேன். கை ஆடுது, கால் ஆடுது, ஆளு எங்கம்மான்னு கேட்டுட்டாரு வாத்தியாரு. இன்னா கடுப்பு தெரியுமா? எங்க தப்பு பண்ணோம்னு போட்டுப் போட்டுப் பாத்தேன். கால் ஷாட்டு மட்டும் சோக்கா வந்துகீது. செருப்பு வாரு அறுந்து நீல நூல்ல தச்சிக்கீறது கூட பளிச்சுன்னு தெரியுது.

மீன் வலை நூலு அது. நாந்தான் தச்சேன்.

பேண்ட் சட்ட செக்‌ஷன்ல வேல, ஏசி சில்லுன்னு கீது, நீ கடைக்கு மட்டும் வந்துடாதன்னு தெனம் சொல்ற. வேர்வைல ஊறுன உன் பனியனப் புழியறவ நான். எனக்குத் தெரியாதா?

தலைய ஆட்டாத, ஆஷா அப்பா. கழட்டு. தண்ணி கொண்டாந்துகீறேன், குடி. வெக்கப்பட நம்ம ஊட்ல நான் ஒருத்தி போதும்.

ஆங்... அப்டித்தான். கேமராவ பாக்காத. ஆஷாவ பாரு.