பொடிசைப் பற்றி ஆறு வரி

என் இங்கிலீஷில் பிழை கண்டுபிடிப்பது கஷ்டம், மேடம். பெரியம்மா என்னை வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான். இல்லத்தை நடத்துகிறவர் அவர். பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் பெரியம்மாதான். தத்துக் கேட்டு எழுதுகிறவர்கள் எல்லாம் தூரதேசத்துக்காரர்கள். அவர்களுக்கு அனுப்ப ஒவ்வொரு பிள்ளைக்கும் இங்கிலீஷில் ஒரு தாள். மேலே போட்டோ, கீழே இரண்டு கட்டம். தோற்றம் ஆறு வரி, குணம் ஆறு வரி. எழுதுவது நான். பெரியம்மாவுக்கு இங்கிலீஷ் என்றால் காத தூரம். கையெழுத்து மட்டும் போடுவார்.

சும்மா சொல்லக்கூடாது, அதில் நான் கெட்டிக்காரி. மாறுகண் உள்ள பையனுக்கு 'எதையும் யோசித்துப் பார்க்கிற கண்கள்' என்று எழுதினேன். ஊரையே கூட்டுகிற வாயாடிக்கு 'சியர்ஃபுல்'. நாள் முழுக்க மூலையில் சுருண்டு கிடந்தவளுக்கு 'ஜென்டில்'. மூன்று பேரும் இன்று நல்ல வீடுகளில் இருக்கிறார்கள். மொத்தம் நாற்பத்தொரு பிள்ளைகள் என் எழுத்தால் வீடு கண்டிருக்கிறார்கள். அதையும் உங்கள் விசாரணை ஃபைலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொடிசு என்று நான் கூப்பிடுகிறவள் இல்லத்துக்கு வந்தபோது மூன்று வயது. காய்ச்சலோடு வந்ததால் என் அறையில் படுக்க வைத்தார்கள். காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது, அவள் நாலு வருஷம் அங்கேயே இருந்தாள். என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். எனக்கு வேறு யாரும் கிடையாது. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

அவளைப் பற்றி நான் எழுதிய முதல் தாள் நல்ல தாள். டைப் அடித்து முடித்துத் திரும்பப் படித்தேன். படிக்கிற யாரும் அவளை அழைத்துப்போக அன்றைக்கே பெட்டி கட்டிவிடுவார்கள் என்று தெரிந்தது. கிழித்துப் போட்டேன். அடுத்த தாளில் 'கடிப்பாள்' என்று எழுதினேன். அது பொய் இல்லை. ஊசி போட வந்த நர்ஸை ஒரு தடவை கடித்திருக்கிறாள்.

அடுத்த வருஷம் 'பொருள்களை எடுத்து ஒளித்து வைப்பாள்' என்று சேர்த்தேன். சமையலறையில் சர்க்கரை எடுத்துத் தின்றவள்தான். பிறகு 'மந்தம், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள்'. அது கொஞ்சம் கூடுதல், ஒப்புக்கொள்கிறேன்.

அதைப் படித்த பிறகும் ஒரு தம்பதி விடவில்லை. இந்தப் பிள்ளைதான் வேண்டும் என்று நேரிலேயே வந்துவிட்டார்கள். எழுதியதற்கு ஏற்ற மாதிரி பிள்ளையும் இருக்க வேண்டுமே. காலையில் அவளுக்கு இருமல் மருந்து மூன்று ஸ்பூன் கொடுத்தேன். அவளுக்கு இருமல் இல்லை. அந்த அம்மாள் ஒரு மணி நேரம் அவளை மடியில் வைத்துக்கொண்டு பேசிப் பேசிப் பார்த்தார். பொடிசின் தலை துவண்டு துவண்டு விழுந்தது. போகும்போது கேட்டருகே நின்று அழுதார். நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. ஏழு வயதில் அவளைப் பெரிய பிள்ளைகளின் அறைக்கு மாற்றினார்கள். போன அன்றே அசந்து தூங்கிவிட்டாளாம். எனக்குத்தான் ஒரு மாதம் தூக்கம் பிடிக்கவில்லை.

கூட இருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் போகப் போக என்னிடம் வந்து கேட்பாள்.

"என்னை மட்டும் ஏன் யாரும் கூட்டிட்டுப் போகல, அக்கா?"

"அவங்களுக்குக் குடுத்து வைக்கலடி."

அவள் அதை நம்பவில்லை. முகத்தில் ஏதோ குறை என்று முடிவு கட்டிக்கொண்டாள். கால் தேய்க்கிற கல்லால் கன்னத்தைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டாள். மருந்து போட்டதும் நான்தான். அழகாகத்தான் இருக்கிறாய் என்று சொல்லிச் சொல்லித் தேற்றினேன். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தவளும் நான்தான். எல்லோருக்கும் முதல் பாடம் ஒன்றுதான்: எதிரில் இருக்கிறவரின் தோற்றத்தையும் குணத்தையும் ஆறு ஆறு வரியில் எழுது. அவள் என்னைப் பற்றித்தான் எழுதினாள். 'கைன்ட்' என்று ஆரம்பித்திருந்தாள். அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

போன வருஷம் பதினெட்டு முடிந்தது. தூரத்து ஊரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. இல்லத்திலிருந்து நன்னடத்தைச் சான்று கேட்டார்கள். நான் எழுதி, பெரியம்மாவிடம் கையெழுத்து வாங்கி, ஒட்டி அனுப்பினேன். நோயாளிகளின் பொருள்களுக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது என்று ஒரே ஒரு வரி. கல்லூரி இடத்தை ரத்து செய்தது. நேரில் போய்க் கேட்டவளுக்கு அங்கிருந்த குமாஸ்தா அந்தத் தாளைக் காட்டிவிட்டார்.

திரும்பி வந்து ஆபீஸ் அலமாரியைத் திறந்து, தன் ஃபைலை எடுத்து, தரையில் உட்கார்ந்து முதல் தாளிலிருந்து படித்தாள். அகராதி தேவைப்படவில்லை. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். முடித்துவிட்டு, சத்தம் போடாமல் கேட்டாள்.

"நான் என்னக்கா திருடினேன்?"

சர்க்கரை என்று சொல்ல வாய் வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி வெட்கப்பட்டதில்லை. மறுநாள் அவள் உங்களிடம் புகார் கொடுத்தாள்.

ஆக, நீங்கள் படித்துக் காட்டியது அத்தனையும் உண்மை, மேடம். பதினைந்து வருஷமும் எழுதியது நான்தான். மருந்து கொடுத்ததும் நான்தான். பெரியம்மாவுக்கு எதுவும் தெரியாது.

எழுதியவளே பழைய சான்றைத் திரும்பப் பெற்று, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தால் கல்லூரி மறுபடி சேர்த்துக்கொள்ளும் என்கிறீர்கள். அவள் வெளியே பெஞ்சில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பது எனக்கும் தெரிகிறது. இதோ எழுதிவிட்டேன். உயரம், நேர்ப்பார்வை, நடுங்காத கை. கன்னத்தில் மங்கலாக ஒரு தழும்பு. நேர்மையானவள், பொறுமைசாலி, கெட்டிக்காரி, எதையும் திருடியதில்லை. ஐந்து வரி ஆயிற்று. ஆறாவது வரி கல்லூரியின் நன்மைக்காகச் சேர்த்தது. 'பழகியவர்களைப் பிரிந்து இருக்க மாட்டாள், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் தூக்கம் வராது, விடுதிக்கு ஏற்றவள் அல்ல.'

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, மேடம். அவளை என்னைவிடத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்?