ஐந்தாவது தந்திக்கு ஒரு வாக்கு

இந்த அவையைத் தன் அமைதியால் ஆளுகின்ற தலைவர், எங்கள் பாடசாலை அதிபர் சிற்றம்பலம் சேர் அவர்களே, பாடக் கற்றுத்தரும் முன்னர் கேட்கக் கற்றுத்தந்த இசை ஆசிரியை பிரேமிளா ரீச்சர் அவர்களே, பழைய மாணவர் சங்கச் செயலாளர் தயாபரன் அண்ணை அவர்களே, வயல் வேலையை அரைநாள் நிறுத்திவிட்டு வந்திருக்கும் ஐயாமாரே, குசினியில் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் அம்மாமாரே, வாங்கில் இடமின்றி யன்னலில் ஏறியிருக்கும் என் தோழர் தோழியரே, உங்கள் எல்லோருக்கும் தரம் பதினொன்றில் படிக்கும் வினோஜாவின் பணிவான வணக்கம்.

இன்றைக்கு இந்த அவையின் முன் ஒரேயொரு தீர்மானம் இருக்கிறது. கனடாவில் வாழும் பழைய மாணவர் ஒருவர் எங்களுக்கு அனுப்பிய தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் ஐந்து தந்திப் பேஸ் கிற்றாரை, கொழும்பில் பழைய வாத்தியங்கள் சேர்க்கும் ஒருவரிடம் கொடுப்பது. மாற்றாக அவரிடமிருந்து நான்கு தந்திகள் கொண்ட புதிய கிற்றார்கள் இரண்டை வாங்கிக்கொள்வது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் தயாபரன் அண்ணை. எதிர்த்துப் பேச இடம் கேட்டவள் நான்.

எதிர்த்துப் பேசுகிறவள் உண்மையை ஒளிக்கலாமா? கூடாது. ஆகவே அண்ணையின் பக்கத்து உண்மைகளை நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அது பாரம். ஐந்து கிலோவுக்கு மேல். புதுக்குடியிருப்பு பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனபோது, கொண்டக்டர் அதன் உறையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இவருக்கும் ஒரு ரிக்கெற் எடுங்கோ" என்றார். அதன் கழுத்து அகலம். என் சுண்டுவிரல் எட்டுவதற்கு இரண்டு மாதம் பிடித்தது. அதன் வயிற்றுக்குள் ஒரு சதுரப் பற்றரி இருக்கிறது. அது எப்போது சாகும் என்று யாருக்கும் தெரியாது, போன சரஸ்வதி பூசையில் பாட்டின் நடுவில் செத்தது. நான்கு தந்திகள் வவுனியாவிலேயே கிடைக்கும். ஐந்தாவதைக் கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டும்.

பின்வரிசையில் ஒரு ஐயா சிரிக்கிறார். "பிறகேன் பிள்ளை அதைக் கட்டி அழுறியள்?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி ஐயா. அதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன்.

கொழும்புக்காரர் அதில் எதைக் கண்டார்? ஐந்தாவது தந்தி என்பதே புதுமையாக இருந்த காலத்தில், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு சிறு பட்டறையில் கையால் செய்யப்பட்ட கிற்றார் அது. அந்தப் பட்டறை இன்றில்லை. புளியங்கொட்டையின் நிறம். முன்பு வாசித்தவரின் பெருவிரல் ஊன்றிய இடத்தில் மட்டும் மெருகு தேய்ந்து மரம் தெரிகிறது. நான் என் விரலை வைத்துப் பார்த்தேன். அந்தப் பள்ளம் எனக்குக் கொஞ்சம் பெரிது. அழகும் அருமையும் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கின்றன. அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

ஆனால் தயாபரன் அண்ணையிடம் ஒன்று கேட்டேன். "அவர் அதை வாசிப்பாரோ அண்ணை?"

"இல்லைப் பிள்ளை, கண்ணாடி அலுமாரிக்குள்ளை வைப்பாராம்."

அவையோரே, இனி என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். கிற்றார் வந்த புதிதில் எங்களிடம் இருந்த பயிற்சிப் புத்தகம் நான்கு தந்திக்கானது. தடித்த தந்தியிலிருந்து எண்ணு என்று அதில் போட்டிருந்தது. எண்ணினேன். எங்களுடையதில் ஆகத் தடித்தது ஐந்தாவது தந்தி என்பதை எண்ணவில்லை. மூன்று வாரம் தனியே இருந்து, எல்லாவற்றையும் ஒரு தந்தி தள்ளியே படித்தேன். சட்ஜத்தில் நிற்கவேண்டிய பாட்டு என் கையில் கீழ்ப் பஞ்சமத்தில் நின்றது.

சேர்ந்திசைக் குழுவோடு முதன்முதலாக வாசித்த அன்று பாட்டு உடைந்து விழுந்தது. குழுவிலுள்ள நிருஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, "பாட்டுக்கு அடியிலை வினோஜா கிணறு வெட்டுறாள்" என்றான். எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். என்ன பிழையென்று விளங்காமல் நான் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தேன். அப்போது மண்டபத்தின் பின்னாலிருந்து ஒரு குரல், நான் வெட்டிய அந்தக் கிணற்றுக்குள் இறங்கி, என்னோடு சேர்ந்து பாடியது. தாழ்ந்த குரல், தளராத குரல்.

ரீச்சர் திரும்பிப் பார்த்தார். "ஆர் பாடினது?"

கதிரை அடுக்கிக்கொண்டிருந்த தர்மிளா எழும்பினாள். "நான்தான் ரீச்சர். சொறி ரீச்சர்."

"சொறி என்னத்துக்கு? திருப்பிப் பாடு."

தர்மிளாவை உங்களுக்குத் தெரியும். மூன்றாம் வரிசையில் இருக்கும் அழகம்மா அன்ரியின் மகள். அவள் போன் எடுத்தால், "தம்பி, அம்மாட்டைக் குடு" என்று கேட்பவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். எங்கள் பாட்டுகளின் உயரம் அவள் குரலுக்கு எட்டாது. அதனால் சேர்ந்திசையில் அவளைப் பின்வரிசையில் நிறுத்தி, "நீ வாயை மட்டும் அசை" என்று ஒருத்தி சொன்னாள். இரண்டு வருடம் அவள் வாயை மட்டும் அசைத்தாள். அப்படிச் சொன்னவள் நான்தான். சபையறிய அதைச் சொல்லாமல் இறங்கினால் இந்தப் பேச்சுக்கு என்ன பொருள்?

இப்போது மாவட்டப் போட்டியில் தனியாகப் பாட அவளைத்தான் ரீச்சர் தெரிவுசெய்திருக்கிறார். போட்டிக்கு இன்னும் மூன்று வாரந்தான்.

நான்கு தந்தியோடு பாடினால் என்ன? பாடிப் பார்த்தோம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றை இரவல் வாங்கினோம். அவள் பாட்டின் அடிச்சுரம் அதில் இல்லை. தந்தியைத் தளர்த்தினோம், தொய்ந்துபோய்க் கட்டையில் அடித்தது. அதே சுரத்தை மேலே எடுத்து வாசித்தேன். அவள் நின்ற தரையை உருவிக் கூரையில் போட்டது போலிருந்தது. இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டு, "பரவாயில்லையடி, நான் பின்னுக்கே நிக்கிறன்" என்றாள். அதை அவள் கோபத்தோடு சொல்லியிருந்தால் நான் இந்த மேடைக்கு வந்திருக்க மாட்டேன். பழகிப்போனவள் போலச் சொன்னாள்.

"புதுசா ஐஞ்சு கம்பியிலை கேப்பமே" என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்கிறா. கேட்டோம் அம்மா. கொழும்புக்காரர் தருவதாகச் சொன்னது நான்கு தந்தி மட்டுந்தான்.

அரியது என்று எதைச் சொல்கிறோம்? எண்ணிக்கையில் குறைந்ததையா? எவரும் தொடாததையா? அந்தக் கிற்றார் அரியதென்றால், அதன் அடியில் நின்று பாடும் இந்தக் குரல் மட்டும் எங்கும் கிடைப்பதா? ஒன்றை அலுமாரிக்கு அனுப்பினால் மற்றது பின்வரிசைக்குப் போகும். பாரத்தை நான் சுமக்கிறேன். ரிக்கெற்றும் எடுக்கிறேன். பற்றரியை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன் மாற்றுகிறேன். இன்று காலையும் மாற்றினேன்.

தலைவர் அவர்களே, ஒரு வேண்டுகோள். கைகளை எண்ணுவதற்கு முன் ஒரு பாட்டுக்கு இடம் தாருங்கள். பாட்டு முடிந்த பிறகும் தயாபரன் அண்ணையின் பக்கமே சரியென்று தோன்றினால், கிற்றாரை நானே துடைத்து உறையில் போட்டுத் தருவேன்.

பேச இடம் தந்த அவைக்கும், குறுக்கே கேட்டு என்னைச் சிந்திக்க வைத்தவர்களுக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம் கூறி, வாத்தியத்தைக் கையில் எடுக்கிறேன்.

தர்மிளா, முன்னுக்கு வா. இண்டைக்கு நீ வாயை மட்டும் அசைக்கத் தேவையில்லை.