சிவப்பே இல்லாத பால்வாடி

– மேடம்னு கூப்புடாதீங்கக்கா, எனக்கு இருபத்தி ரெண்டுதான் ஆவுது. ஃபாயிசான்னே சொல்லுங்க. உங்க பேரு அம்மாக்கண்ணு, வயசு முப்பத்தி நாலு, அங்கன்வாடி பணியாளர். சர்வீஸ் எத்தினி வருஷம்னு சொன்னீங்க?

– பதினொண்ணு. இந்த நெல்லிவாசல் நாட்டுல ஒரே பால்வாடியில இத்தினி வருஷம் குந்தினவ நான் ஒருத்திதான்னு வச்சுக்கோ. வாணியம்பாடியிலேர்ந்தா வர்ற பாப்பா? ஜீப்புல இடுப்பே கழண்டிருக்குமே. டீ வைக்கட்டுமா?

– வேணாங்கா, நோன்பு வச்சிருக்கேன்.

– தண்ணி கூட குடிக்காமயா மலை ஏறி வந்த? சரி, சீக்கிரம் கேளு. இன்னா சர்வே இது?

– உங்கள மாதிரி வேலை செய்யறவங்களப் பத்தி. யாரு, எவ்ளோ படிச்சவங்க, இன்னா வேலை பாக்கறாங்க, அதாங்கா. நாப்பது கேள்வி. உங்க உதவியாளர் பேரு?

– இல்ல.

– லீவா?

– ஆளே இல்ல. கோபால்சாமி சம்சாரம்தான் ஆயாவா இருந்தாங்க. ரிடையர் ஆயி மூணு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் யாரையும் போடல.

– அப்ப சமையலு?

– நாந்தான். தண்ணி தூக்கறது, முட்டை அவிக்கிறது, பாட்டு சொல்லிக் குடுக்கிறது, மூக்கு சிந்தி வுடறது, எல்லாம் நாந்தான். ஓட்டர் லிஸ்ட்டு வந்தா அதுக்கும் நாந்தான், கக்கூஸ் கணக்குக்கும் நாந்தான். மத்தியானம் புள்ளைங்கள தூங்க வச்சுட்டு போனைத் தூக்கிகினு மேல பாறைக்கு ஓடணும். அங்கதான் டவர் கெடைக்கும். புள்ளைங்க ஃபோட்டோ ஆப்புல ஏறலன்னா அன்னிக்கு நான் வேலைக்கே வரலன்னு வச்சுக்கோ.

– அதுவரைக்கும் புள்ளைங்கள யாரு பாத்துப்பாங்க?

– வேடியப்ப சாமி பாத்துக்கும். அத்த ஃபாரத்துல எழுதிடாத தாயீ.

– எழுதலக்கா, சிரிப்பு வருது. புள்ளைங்க மொத்தம் எத்தினி?

– இருபத்தி ரெண்டு.

– அது மையத்துல. உங்க சொந்தப் புள்ளைங்க? அதுக்குத் தனிக் கட்டம் இருக்குது.

– அத்த காலியா வுடு. கடைசியில சொல்றேன்.

– சரிக்கா. இனிமே இருக்கறது நல்ல சேதிதான். மூணு வருஷமா ஒரு புள்ள கூட சிவப்புக்குப் போகாத மையம் உங்களுதுதானாமே? எடை ரொம்பக் கொறைஞ்ச புள்ளையே கெடையாதாம்! ஆபீஸ்ல எல்லாரும் உங்களப் பத்தியேதான் பேசறாங்க. மகளிர் தின விழாவுல மேடையில ஏத்தி சான்றிதழ் தரப் போறாங்க. இங்க ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா போதும்.

– போட மாட்டேன்.

– ஏங்கா?

– அந்த நீட்டு நோட்டை எடு. வெற்றிச்செல்வன், நதியா, அதுக்குக் கீழ பாரு.

– பார்த்திபன், மூணு வயசு. பச்சை, பச்சை, பச்சை... ஆடி மாசத்துக்கு அப்புறம் ஒண்ணும் எழுதலியே. அம்மா அப்பாவோட காப்பி எஸ்டேட்டுக்குப் போயிட்டானா?

– செத்துட்டான்.

– யா அல்லா.

– பேதி. ரெண்டே நாளு. மழையில மண்ணு சரிஞ்சு ஜீப்பு வரல. டோலி கட்டித் தூக்கிகினு போனோம். ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரி போர்டு கண்ணுக்குத் தெரியுது, அங்க மூச்சு நின்னுடுச்சு. டாக்டரு தொட்டுப் பாத்துட்டு, இப்டி எலும்பா கீறானே, எந்தப் பால்வாடி புள்ளன்னு கேட்டாரு. நான் தலையக் குனிஞ்சுகினு வெளிய வந்துட்டேன்.

– ஆனா நோட்டுல பச்சைன்னுதானே இருக்குது?

– நோட்டுல பச்சை. தராசுல சிவப்பு. நாலு மாசமா சிவப்பு.

– நீங்களேவா மாத்தி எழுதினீங்க? பதினோரு வருஷம் இதே வேலை பாத்தவங்க! ஏங்கா?

– சிவப்புன்னு எழுதினா ஆஸ்பத்திரியில சேக்கணும். பதினாலு நாளு. அம்மாக்காரியும் கூடவே தங்கணும். அவளால போக முடியல.

– பெத்த புள்ளைய விட அவங்களுக்கு அப்டி இன்னாக்கா வேலை?

– அடுப்பு வேலைதான். அவ போயிட்டா பத்த வைக்க வேற ஆளு கெடையாது. அடுத்த மாசம் ஏறிடுவான், அடுத்த மாசம் ஏறிடுவான்னே இருந்துட்டா. ஊருக்குத் தெரிஞ்சா இன்னா நெனைப்பாங்களோன்னு வெக்கம் வேற. பாவி.

– கோவிச்சுக்காதீங்கக்கா, அவங்க பண்ணது தப்பு. நீங்க அதுக்கு ஒத்துக்கினது அதைவிடப் பெரிய தப்பு.

– தப்புதான் பாப்பா. நான் இல்லன்னு சொல்லலியே. அதனாலதான் அந்த சான்றிதழ் எனக்கு வேணாங்கறேன். சிவப்பு ஒண்ணுன்னு எழுது, அதுக்குக் கையெழுத்து போடறேன்.

– எழுதினா உங்க வேலை போயிடுங்கா.

– போவட்டும். எனக்கு அப்புறம் வர்றவளுக்காச்சும் கூட ஒரு ஆயா போடுவாங்க இல்ல?

– தெரியலக்கா. நான் வெறும் சர்வே எடுக்க வந்தவ. நல்லா யோசிச்சுக்கோங்க.

– எட்டு மாசமா யோசிச்சாச்சு. தூக்கமே வர்றதில்ல. எழுதும்மா, ஜீப்புக்காரன் ஹாரன் அடிக்கிறான் பாரு.

– சரிக்கா, எழுதறேன். பார்த்திபன், மூணு வயசு, சிவப்பு. அம்மா பேரு இன்னா போடட்டும்?

– மொதப் பக்கத்துல பணியாளர் பேருன்னு எழுதினியே, அதே பேருதான். காலியா வுட்ட கட்டத்துல சைபர் போட்டுக்கோ.